முப்பிடாதி வீட்டு ழகரத் தேன்

தாழங்குழி என்ற ஊரின் பெயரில் இரண்டு ழ இருந்தும், அந்த ஊரில் பிறந்து அந்த ஊரிலேயே வெந்து போனவர்களில் ஒருவர்கூட அதில் ஒன்றையாவது நாக்கால் தொட்டதில்லை. பேருந்தின் நெற்றியில் தாழங்குழி என்று இருக்கும், ரேஷன் கார்டில் தாழங்குழி என்று இருக்கும், வாயைத் திறந்தால் தாளங்குளிதான். மழை பெய்தால் மளை, பழம் பழுத்தால் பளம், கிழவன் செத்தால் எளவு என்று நூறு தலைமுறை பேசி, பெற்று, சண்டை போட்டு, சமாதானமாகி, ஒரு குறையும் இல்லாமல் மலையடிவாரத்தில் வாழ்ந்துவந்தார்கள். ழ என்பது அவர்களுக்குப் பரணில் கிடக்கிற வெண்கல அண்டா மாதிரி. இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும், யாரும் இறக்குவதில்லை.

அந்த ஊர் வடக்குத் தெருவில் முப்பிடாதி இருந்தாள். நாற்பது வயது. புறவாசலில், முருங்கை மரத்துக்கும் துவைகல்லுக்கும் நடுவே, நான்கு தேன்பெட்டிகள் வைத்திருந்தாள். எறும்பு ஏறாமலிருக்க ஒவ்வொரு பெட்டியின் காலும் ஒரு தண்ணீர்க் கிண்ணத்துக்குள் நிற்கும். காலையில் எழுந்ததும் தன் முகத்தைக் கழுவுகிறாளோ இல்லையோ, அந்தக் கிண்ணங்களுக்குத் தண்ணீர் ஊற்றிவிடுவாள். ஒன்பது மணிக்கு ஊருக்கு வெளியே இருந்த எழில் தேன் பண்ணைக்கு அரைநாள் வேலைக்குப் போவாள். அங்கே நூற்றிருபது பெட்டி. தேங்காய்க் கதம்பையைக் கொளுத்திப் புகை போட்டு, பெட்டியைத் திறந்து, சட்டங்களை ஒவ்வொன்றாகத் தூக்கி, ராணி இருக்கிறாளா, முட்டை வைத்திருக்கிறாளா என்று பார்த்து மூடவேண்டும். மற்றவர்கள் உறை மாட்டிக்கொண்டு செய்வதை இவள் வெறுங்கையால் செய்வாள். ஒரு மணிக்குத் திரும்பிவிடுவாள்.

பண்ணை முதலாளி செழியன், சென்னையில் ஒரு கம்பெனியில் பதினெட்டு வருஷம் இங்கிலீஷ் பேசிச் சம்பாதித்துவிட்டு, மிச்ச வாழ்க்கையைத் தமிழுக்குக் கொடுப்பது என்று தீர்மானித்து, அதற்குத் தேனீ எப்படி உதவும் என்று யாருக்கும் விளங்காவிட்டாலும், தாழங்குழியில் பன்னிரண்டு ஏக்கர் வாங்கியவர். வந்த முதல் நாளே அவருக்கு ஒன்று தெரிந்துபோயிற்று: செத்தாலும் இந்த ஊர் தன்னைச் செழியன் என்று கூப்பிடப்போவதில்லை. 'செளியன் அண்ணாச்சி' என்று பிள்ளைகள்கூட வாய் நிறையக் கூப்பிட்டன. அவர் தினமும் காலையில் வேலையாட்களை வரிசையில் நிறுத்தி, "மழை, வழி, எழில்" என்பார். அவர்கள் பக்தியோடு "மளை, வளி, எளில்" என்பார்கள். எழில் என்று சொல்லத் தெரிந்தவருக்கே முழுநாள் வேலை என்று அவர் ஒரு விதி வைத்திருந்தார். அதனால் அந்தப் பண்ணையில் முழுநாள் வேலை பார்த்தவர் அவர் ஒருவர்தான்.

முப்பிடாதியின் கணவன் கொம்பையா லாரி ஓட்டுகிறவன். மகள் பிறந்த அன்று அவன் தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு ரயில்வே கேட்டில் மூன்று மணி நேரம் மாட்டிக்கொண்டான். முன்னால் நின்ற லாரியின் முதுகில் யாழ்மொழி என்று எழுதியிருந்தது. மூன்று மணி நேரம் ஒரே பெயரைப் பார்த்துக்கொண்டிருந்தவனுக்கு அதைவிட நல்ல பெயர் தோன்றவில்லை. இப்படியாக, ஒரு ழவுக்கே வழியில்லாத வீட்டில் இரண்டு ழவோடு ஒரு பெண் வளர்ந்தாள். அம்மா யாள்மொளி என்று கூப்பிட்டாள், ஊர் யாள்மொளி என்று கூப்பிட்டது, அவளும் திரும்பிப் பார்த்தாள்.

இருபதாவது வயதில் அவள் செய்தி வாசிக்கப்போகிறேன் என்று சென்னைக்குப் போய் ஒரு பயிற்சிக் கூடத்தில் சேர்ந்தாள். பல்லுக்கு நடுவே பென்சிலைக் கடித்துக்கொண்டு ஒரு வருஷம் பேசினாள். ழ தனியாக வந்தது, ள தனியாக வந்தது, ல தனியாக வந்தது. வந்த பிறகு ஊரிலிருந்து வருகிற போன் அவள் காதில் குத்த ஆரம்பித்தது. "பேரச் சொல்லிக் கூப்பிடாதம்மா, சும்மா ஏட்டின்னே கூப்பிடு" என்றாள். முப்பிடாதி அன்றோடு பெயர் சொல்வதை விட்டாள். பத்து மாதம் சுமந்து பெற்றதன் பெயரைச் சொல்லக்கூடாது என்பது அவளுக்கு வலித்தது. குளவி கொட்டினாலே முகம் சுளிக்காதவள், வலியை யாரிடமும் சொல்லவில்லை.

ஐப்பசியில் ஒரு நாள் யாழ்மொழி போன் செய்தாள். தை மாதம் படிப்பு முடிகிற விழா. ஒவ்வொரு பிள்ளைக்கும் பெற்றவர் ஒருவர் மேடையேறி, மைக்கில் "என் மகள் இன்னார்" என்று தெளிவாகச் சொல்லவேண்டும்; அதற்குப் பிறகுதான் சான்றிதழ். நல்ல உச்சரிப்பு வீட்டிலிருந்துதான் வருகிறது என்பது அந்தக் கூடத்தின் கொள்கை.

"நீ வர வேண்டாம்மா" என்றாள் யாழ்மொழி. "அப்பாவும் வேண்டாம். கூடப் படிக்கிற நிவேதாவோட அம்மா எனக்கும் சேத்துச் சொல்லுதேன்னுட்டாவ. பெரியம்மான்னு சொல்லிக்கிடலாம்."

"என்னன்னு சொல்லுவாவ?"

"என் மகள் யாழ்மொழின்னு."

"சரிட்டி" என்று முப்பிடாதி போனை வைத்தாள். அடுப்பில் வறுபட்டுக்கொண்டிருந்த உளுந்து கருகி, புகைந்து, தெரு முழுக்க நாறி, பக்கத்து வீட்டுக்காரி வந்து அடுப்பை அணைக்கிறவரை அவள் அதே இடத்தில் நின்றாள். முகம் தெரியாத ஒருத்தி தன் பிள்ளையைக் காட்டி, சபையில், மைக்கில், என் மகள் என்று சொல்லப்போகிறாள்.

அடைமழைக் காலம் தேனீக்குப் பஞ்ச காலம். பூ கிடையாது, சர்க்கரைப் பாகு காய்ச்சி வைத்துத்தான் கூட்டத்தைக் காப்பாற்ற வேண்டும். முப்பிடாதியும் வைத்தாள். நான்கு பெட்டியும் பாகைத் தொடவில்லை. தொடாமலே மேல் அறைச் சட்டங்கள் நாளுக்கு நாள் கனத்துக்கொண்டு வந்தன. என்னத்தை எடுத்துவருகின்றன என்று மழை விட்ட நேரத்தில் ஈக்களின் பின்னாலேயே போய்ப் பார்த்தாள். பள்ளிக்கூடச் சன்னல் வழியாக நுழைந்து, கரும்பலகையில் எழுதியிருந்த வாழ்க்கையின் நடுவில் உட்கார்ந்து எழுந்தன. ஊர்ப் பெயர்ப் பலகையில் மற்ற எழுத்து எதையும் சீண்டாமல், சரியாக இரண்டு இடத்தில் மட்டும் உட்கார்ந்தன. பேருந்து நிறுத்தத்தில் "மளை விடுமா அண்ணாச்சி" என்று ஒருவர் கேட்டபோது, அந்த வாயிலிருந்து விழவேண்டியது விழாமல் உதட்டோரம் தொங்கிய இடத்தில் ஒரு ஈ வந்து, கொட்டாமல், பைய எடுத்துக்கொண்டு போயிற்று. யாரும் எடுக்காத பூ மது எங்கே நிற்கிறதோ அங்கே ஈ போகும். தாழங்குழியில் நூறு தலைமுறை ழ எடுக்காமல் நின்றது, ஈ போயிற்று. முப்பிடாதிக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றும் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து புகை போட்டு, சட்டங்களை எடுத்து, மெழுகு மூடியைக் கத்தியால் சீவி, டிரம்மில் போட்டுச் சுற்றி, ஒரு விரல் எடுத்து நக்கினாள்.

நிறம் தேன் நிறம்தான், ருசி தேன் ருசிதான். ஆனால் நாக்கு நுனியில் நிற்காமல் பின்னால் ஓடி, நாக்கை மடக்கி, அண்ணத்தைத் தொட்டும் தொடாமலும் நிறுத்திவைத்தது.

பக்கத்து வீட்டுச் செண்பகம், சந்தை முக்கில் வாழைப்பழம் விற்கிறவள், சுவருக்கு மேல் தலையை நீட்டினாள். "என்ன மைனி, இன்னைக்கு என்ன கொளம்பு?"

"புழிக்குழம்பு" என்றாள் முப்பிடாதி.

செண்பகம் கையிலிருந்த சொம்பைக் கீழே வைத்துவிட்டாள். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் ஒருவர் வாயை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். குழம்பு இருவர் காதிலும் மணியாக விழுந்திருந்தது. அதற்கு முன்னால் வந்த புழியை இருவருமே கவனிக்கவில்லை.

செண்பகம் நகர்ந்ததும் முப்பிடாதி போனை எடுத்தாள். "யாழ்மொழி" என்றாள்.

"யாருங்க பேசுறீங்க?"

"ஒங்கம்மதாம்ட்டி."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. "நிவேதா அம்மாட்ட வேண்டாம்னு சொல்லிருதேன். நீயே வாம்மா."

மறுநாள் காலை வரிசையில் முப்பிடாதி "மழை, வழி, எழில்" என்றபோது செழியன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அந்த நிமிஷமே அவளுக்கு முழுநாள் வேலை. தேனை அவரும் ஒரு விரல் நக்கினார். ஊரில் அது தேவைப்படாத ஒரே நாக்கு அவருடையது. அன்றிலிருந்து ஊரில் அதிகமாகச் சாப்பிட்டதும் அவர்தான்.

சமாச்சாரம் பரவுவதற்கு அரை நாள் ஆயிற்று. விரல் நுனி அளவு நக்கினால் ஒரு நாள் நிற்கும் என்று கணக்குத் தெரிந்ததும், காலையில் பால் வாங்குகிற வரிசைக்குப் பக்கத்திலேயே முப்பிடாதி வீட்டு வாசலில் நாக்கு நீட்டுகிற வரிசை ஒன்று நின்றது. பேச்சுப் போட்டிக்குப் போகிற பிள்ளைகள் வந்தார்கள், பெண் பார்க்கப் போகிற மாப்பிள்ளைகள் வந்தார்கள், கோவிலில் மைக் பிடிக்கிறவர் வந்தார், சாவு வீட்டில் ஒப்பாரி வைக்கப் போகிற பெண்கள்கூட, போகிற வழியில் ஒரு விரல் நக்கிவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார்கள். நடத்துநர் ஒருவர் நக்கிவிட்டுப் போய் "தாழங்குழி இறங்கு" என்று சுத்தமாகக் கத்த, அது ஏதோ வேற்றூர் என்று பதினோரு பேர் இறங்காமல் டிப்போ வரைக்கும் போய்ச் சேர்ந்தார்கள். செண்பகம் கூடையை இறக்கி "வாழைப்பழம்" என்று கூவியதும், தினம் வாங்குகிற பெண்கள் இது வெளியூர்ச் சரக்கு, விலை கூடுதலாக இருக்கும் என்று ஒதுங்கினார்கள். அவள் யோசித்து, மறுநாள் ஒரே தாரை இரண்டாக வெட்டி, ஒரு பாதியைத் தேன் நக்கும் முன் வாளப்பளம் என்றும் மறுபாதியை நக்கிய பின் வாழைப்பழம் என்றும் விற்றாள், இரண்டும் தீர்ந்தது. பிறந்த பிள்ளையின் நாக்கில் தொட்டுச் சேனை வைக்க ஒரு சொட்டு வேண்டும் என்று பிரசவ வீட்டிலிருந்து வந்தார்கள். ஒரு வயசுக்குள்ள பிள்ளைக்குத் தேன் கூடவே கூடாது என்று கிராம நர்ஸ் குறுக்கே நின்று கத்தியதால், பெரியவர்கள் கூடிப் பேசி, பிள்ளையின் அப்பன் நாக்கில் தடவுவது என்று முடிவாயிற்று. அப்பன்மார்கள் நன்றாகப் பேசினார்கள். பிள்ளைகள் அழுதுகொண்டிருந்தன.

அற்பனுக்கு வாழ்வு வந்தால் அர்த்தராத்திரியில் குடை பிடிப்பான் என்பார்கள். தாழங்குழிக்கு ழ வந்தது. நூறு தலைமுறை இல்லாமல் இருந்தது கிடைத்ததும், அதைக் கண்ட இடத்தில் எல்லாம் போட ஆரம்பித்தார்கள். மடங்கின நாக்கு நிமிரமாட்டேன் என்றது. வாரத்தில் வெழ்ழிக்கிழமை வந்தது. பிள்ளைகள் பழ்ழிக்கூடம் போனார்கள். வெயிலுக்கு இழநீர் குடித்தார்கள். அம்மன் கோவிலில் "கடவுழே" என்று உருகினார்கள். ள என்று ஓர் எழுத்து ஊரைவிட்டுப் போனதை யாரும் கவனிக்கவில்லை; வந்தது தெரிந்த அளவுக்குப் போனது தெரிவதில்லை.

செழியன் ழகரப் பேரவை என்று ஒன்று தொடங்கி, பண்ணையில் பந்தல் போட்டு, மேடையேறி, "பெரியோர்கழே, தாய்மார்கழே, என் உயிரினும் மேலான தேனீக்கழே" என்று ஆரம்பித்தபோது எழுந்த கைதட்டலில் பந்தல் தட்டி ஒன்று கழன்று விழுந்தது. இவ்வளவு சுத்தமான தமிழை அந்த ஊர் கேட்டதே இல்லை. பள்ளிக்கூடத்துத் தமிழாசிரியர் ஒருவர் மட்டும் எழுந்து, "பெரியோர்களே என்பதில்..." என்று ஏதோ சொல்லவந்தார். அவர் தேன் சாப்பிடாதவர் என்று தெரிந்ததும் உட்காரச் சொல்லிவிட்டார்கள். அடுத்த வாரம் பெயிண்டரைக் கூப்பிட்டு ஊர்ப் பலகைகளில் இருந்த ள அத்தனையையும் சுரண்டி ழ போட்டார்கள்.

மார்கழியில் யாழ்மொழி போன் செய்தாள். "அம்மா, மேடையில சொல்லுததை ஒருக்க முழுசாச் சொல்லு பாப்பம்."

முப்பிடாதி தொண்டையைக் கனைத்துக்கொண்டாள். "என் மகழ் யாழ்மொழி."

"மகழ் இல்லம்மா. மகள்."

"அதத்தானட்டி சொல்லுதேன். மகழ்."

"ள வருதாம்மா? உனக்கு நல்லா வருமே. வெள்ளாடு சொல்லு."

"வெழ்ழாடு" என்றாள் முப்பிடாதி. சொன்ன பிறகுதான் அது அவள் காதில் விழுந்தது. இத்தனை நாளாகப் பேசிய பேச்செல்லாம் அந்த ஒரு வெழ்ழாட்டோடு திரும்பி வந்து முட்டியது.

யாழ்மொழியின் குரலில் கோபம் இல்லை, அதுதான் முப்பிடாதிக்குத் தாங்கவில்லை. "நிவேதா அம்மாட்டயே மறுபடி கேக்கேன். நீ வெசனப்படாத" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

அன்றோடு முப்பிடாதி தேனை நிறுத்தினாள். மறுநாள் ள திரும்பிவந்தது, ழ போய்விட்டது. "என் மகள் யாள்மொளி" என்று அம்மிக்கு முன்னால் உட்கார்ந்து சொல்லிப் பார்த்தாள். தேன் நக்கினால் "என் மகழ் யாழ்மொழி." மொத்தம் மூன்று சொல். நடுச் சொல்லுக்கு ஓர் எழுத்து வேண்டும், கடைசிச் சொல்லுக்கு ஓர் எழுத்து வேண்டும், இரண்டும் ஓரகத்திகள் மாதிரி ஒரே வாய்க்குள் உட்காரமாட்டோம் என்றன.

இதற்குள் புறவாசல் ஈக்கள் வேறு சோலியில் இறங்கிவிட்டன. பெயிண்டர் சுரண்டிப்போட்ட ள எல்லாம் சாக்கடையோரம் கிடந்தது. ஊர் வாயிலிருந்து உதிர்ந்த ள வேலியோரம், குழாயடி, டீக்கடைப் பெஞ்சு என்று நின்ற இடத்தில் எல்லாம் நின்றது. ஈக்களுக்கு ழவும் ஒன்றுதான், ளவும் ஒன்றுதான்; நிற்கிறதை எடுக்கும். தை பிறப்பதற்குள் நான்கு பெட்டியிலும் ளகரத் தேன் நிறைந்தது. கொஞ்சம் வெளுப்பு, மற்றபடி தேன்தான். முப்பிடாதி அதை ஒரு விரல் நக்கிவிட்டு, ஒரு கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு முதலாளியிடம் போனாள்.

"சார், இது ள தேன்."

"தெரியுமே. ழ தேன்" என்றார் செழியன்.

"ழ இல்ல" என்று சொல்லத்தான் அவள் நினைத்தாள். வாய் "ள இல்ல சார், ள" என்றது.

"அதைத்தானே நானும் சொல்றேன். ழ இல்லை, ழ." அவர் அவளை இரக்கத்தோடு பார்த்தார். இரண்டு பேரும் ஒரு கிண்ணத்தை நடுவில் வைத்துக்கொண்டு கால் மணி நேரம் பேசி, ஒருவர் சொன்னது மற்றவருக்குப் புரியாமல் பிரிந்தார்கள்.

வீட்டில் அவள் இரண்டு தேனையும் கலந்து பார்த்தாள். காலையில் அது, மத்தியானம் இது என்று வைத்துப் பார்த்தாள். வலப் பக்கம் ஒன்றும் இடப் பக்கம் ஒன்றுமாகத் தடவிப் பார்த்தாள். அதில்தான் உச்சமாக "என் மகழ் யாள்மொளி" என்று வந்தது. இரண்டும் இடம் மாறி உட்கார்ந்திருந்தன. கொம்பையாவுக்குப் போன் போட்டு அழுதாள். அவன் நாக்பூரில் ஆரஞ்சு ஏற்றிக்கொண்டிருந்தான்.

"சவத்த விடு, புள்ள" என்றான் அவன். "யாரு சொன்னாலும் அவ நம்ம மவதான."

"ஆமா, ஒமக்கென்ன. நீரு லாரி முதுகுல பாத்துப் பேரு வச்சிட்டுப் போயிட்டீரு" என்று அவள் போனை அணைத்தாள்.

அந்த வாரத்தில்தான் செழியனுக்குச் சென்னையிலிருந்து அழைப்பு வந்தது. ழகரப் பேரவையின் புகழ் பயிற்சிக் கூடம் வரைக்கும் போயிருந்தது. விழாவுக்கு அவர்தான் சிறப்பு விருந்தினர். "முப்பிடாதி, நீங்கழும் வரணும்" என்றார் அவர். "மேடையில தேன் தட்டு பிடிக்க ஒரு ஆழ் வேணும்." இப்படியாக, வரவேண்டாம் என்று பெற்ற பெண் சொன்ன மேடைக்கு, முதலாளியின் காரில், மடியில் பழைய ழகரத் தேன் பாட்டிலோடு அவள் போனாள். மகளிடம் சொல்லவில்லை. சொல்லி, வேண்டாம் என்று இரண்டாம் தடவை கேட்க அவளுக்குத் தெம்பில்லை.

பெரிய மண்டபம். குளிர்ச்சியாக இருந்தது. கோட் போட்ட பிள்ளைகள் மேடையின் ஓரத்தில் வரிசையாக நின்றார்கள். ஐந்தாவதாக நின்ற யாழ்மொழி, தட்டோடு ஏறிவந்த அம்மாவைக் கண்டதும் வாயைத் திறந்து, சபை என்பதால் மூடிக்கொண்டாள். முப்பிடாதி அவளைப் பார்க்காததுபோல விருந்தினர்களின் நாக்குக்கும் கூடத்தின் தலைவி நாக்குக்கும் ஐஸ் குச்சியில் தேன் கொடுத்துக்கொண்டே போனாள். காலையிலேயே தானும் ஒரு விரல் நக்கியிருந்தாள். எதற்கு என்று அவளுக்கே தெரியாது. மேடையில் நிற்கும்போது அந்தப் பெயர் சொல்ல வருகிற வாயாவது இருக்கட்டும் என்று நினைத்திருக்கலாம்.

பெற்றவர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். "என் மகன் அருள்நம்பி." கைதட்டல். "என் மகள் நிவேதா." கைதட்டல். பட்டுப்புடவை கட்டிய அந்த அம்மாள் இறங்கிப்போய் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, அடுத்த முறைக்குத் தயாராகப் புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள். நல்ல முகம். அந்த முகத்தைப் பார்த்து முப்பிடாதியால் வெறுக்கக்கூட முடியவில்லை.

"அடுத்து யாழ்மொழி. பெற்றவர் மேடைக்கு வரவும்" என்று அறிவித்தார்கள்.

மூன்றாவது வரிசையில் பட்டுப்புடவை எழுந்தது. முப்பிடாதி தட்டைச் சிறப்பு விருந்தினரின் மடியில் வைத்துவிட்டு நான்கு எட்டில் மைக்குக்கு வந்தாள். பட்டுப்புடவை நடுப்பாதையில் நின்றுவிட்டது.

மைக்குக்கு முன்னால் வந்த பிறகுதான் நடுச் சொல் அவளுக்கு ஞாபகம் வந்தது. என் என்று தொடங்கினால் அடுத்தது மகழ். முன்னூறு பேர் பார்க்கிறார்கள். பெண் ஓரத்தில் நின்று உதட்டைக் கடித்துக்கொண்டிருக்கிறாள். அந்தச் சொல் இல்லாமல் அவள் யார் என்று எப்படிச் சொல்வது? இருபத்தொரு வருஷமாக எப்படிச் சொன்னாள்? குழாயடியில், ரேஷன் கடையில், பள்ளிக்கூடத்தில் கையெழுத்துப் போடப் போனபோது, ஆஸ்பத்திரியில் டாக்டரம்மாவிடம் எப்படிச் சொன்னாள்? அப்போதெல்லாம் சொன்ன சொல்லில் ழவும் இல்லை, ளவும் இல்லை. அவள் வாயைத் திறந்தாள்.

"எம் மவ யாழ்மொழி."

மண்டபத்தில் யாரும் கைதட்டவில்லை. ஒன்றிரண்டு பேர் சிரித்தார்கள். செழியன் மடியில் தட்டோடு, எழவும் முடியாமல், பரிவாகக் குனிந்து சொன்னார்: "மவ இல்லம்மா முப்பிடாதி. 'என் மகழ்'னு சொல்லணும். மகழ்." தேன் நக்கிய விருந்தினர்கள் எல்லாம் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார்கள். "மகழ்" என்று கூடத்தின் தலைவியும் உரக்கச் சொல்லிக்கொடுத்தாள்.

யாழ்மொழி வரிசையை விட்டு வந்தாள். மைக்கைத் தன் பக்கம் இழுத்தாள்.

"அது மகழ் இல்ல சார், மகள். எனக்கு நல்லாச் சொல்ல வரும்" என்றாள். அது செய்தி வாசிக்கிற குரல் அல்ல. "ஆனா எங்கம்ம சொன்னதுதான் சரி. நா அவுக மவ. தாளங்குளி முப்பிடாதி மவ. எம் பேரு யாள்மொளி."

ஒரு வருஷம் படித்தவள், சான்றிதழ் கைக்கு வருவதற்கு முந்தின நிமிஷம், சபையில் இரண்டு ழவையும் தூக்கிப் போட்டாள். நிவேதாவின் அம்மா நடுப்பாதையில் நின்றபடியே கண்ணைத் துடைத்தாள். எல்லோரும் அழுவதற்குத் தயாரான அந்த நேரத்தில், முப்பிடாதி மகள் கையிலிருந்து மைக்கைப் பிடுங்கினாள். அவளுக்கு வந்தது கோபம்.

"ஏட்டி கிறுக்கி! இந்த ஒரு எழுத்துக்காக நா எம்புட்டு பாடுபட்டு வந்து நிக்கேன், நீ என்னமோ பேசுதியே! ஒழுங்கா யாழ்மொழின்னு சொல்லு."

சிரிப்பிலும் கைதட்டலிலும் மண்டபம் அதிர்ந்தது. யாழ்மொழி சிரித்தாள், சிரிப்பு அழுகையாகி, அழுகை மறுபடி சிரிப்பாகி, மூக்கைக் கோட்டின் கையில் துடைத்துக்கொண்டு, அம்மா நீட்டிய மைக்கில் வாயை வைத்தாள்.

"யாழ்மொழி" என்றாள்.

இரண்டு ழவும் பிசகாமல் விழுந்தன. முப்பிடாதிக்குப் போதவில்லை.

"இன்னொருக்கச் சொல்லு" என்றாள்.